இடப்பக்கம் எறிந்த பந்து

1

இந்தக் கதை ஒரு தேங்காயில் தொடங்கியது. எங்கள் ஊரில் லோடு ஏற்றும்போது, தென்னை நிற்கும் விளையிலிருந்து வண்டி வரை ஆட்கள் வரிசையாக நிற்போம். வலப்பக்கத்து ஆள் எறிவதைப் பிடித்து, அதே வேகத்தில் இடப்பக்கத்து ஆளுக்கு எறிய வேண்டும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அடுத்த காய் நெஞ்சில் விழும்.

அன்று பிரசீதா கடைசிக் காயை மகள் அனகாவுக்கு எறிந்தாள். அனகா அப்பாவுக்கு எறிந்தாள். அஜேஷ் அதை வண்டிக்குள் போட்டுவிட்டு, "இன்னும் உண்டா?" என்று கேட்டான்.

"தீந்தாச்சு" என்றாள் பிரசீதா.

"அப்பம் நான் போயிட்டு வாறேன்."

மழை பெய்துகொண்டிருந்தது. வெள்ளறடைக்குப் போகும் வழியில் ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்தது. அவன் வரவில்லை.

(பிரசீதா நான்தான். 'நான்' என்று தொடங்கிய தாள்கள் எல்லாம் மூன்றாம் வரியில் நின்றுபோயின. 'அவள்' என்று எழுதினால் கொஞ்சம் நடக்கிறது.)

2

அனகாவின் ஆட்டத்திலிருந்து வேறொரு தொடக்கமும் எழுதிப் பார்த்தேன். "அமெரிக்கக் கால்பந்து என்பது, கைகளால்…" வேண்டாம். அதைவிட அஜேஷின் அண்ணன் கிருஷ்ணன்குட்டி நன்றாகச் சொன்னார்.

"காலே படாத பந்துக்கு என்ன எழவுக்கு குட்டி, கால்பந்துண்ணு பேரு?"

"அத அமெரிக்கக்காரன்கிட்ட கேக்கணும் வலியப்பா" என்றாள் அனகா.

"பாத்தா தொண்டு உரிக்காத தேங்கா ஆக்கும்."

அதுதான் விஷயமே. நெய்யாற்றின்கரைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையான தாரா, முதல் நாள் அந்தப் பந்தை எறிந்தபோது மற்றப் பிள்ளைகள் விலகினார்கள். அனகா கையை ஒரு சாண் பின்னுக்கு இழுத்து, சத்தமே இல்லாமல் வாங்கினாள். வாங்கிய வேகத்தில் இடப்பக்கம் எறிந்தும் விட்டாள். அங்கே யாரும் இல்லை.

"பிடிச்சத கையில வையி மக்களே! பிடிச்சுக்கிட்டு ஓடணும். நீ என்னா, லோடா ஏத்துத?"

(பிள்ளைகள் ஆடுவது மோதிச் சாய்க்காத வகை. ஓடுகிறவளின் இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை எதிராளி உருவிவிட்டால் ஆட்டம் அங்கே நின்றுவிடும். அதற்குள், பின்னால் வரும் தோழிக்குப் பந்தை எறியலாம். இந்தக் கதைக்கு இவ்வளவு போதும்.)

அஜேஷ் இருந்தபோது நடந்த மாவட்டப் போட்டியிலும் அதே தவறு. வெறும் புல்லுக்கு எறிந்தாள். மைதானமே சிரித்தது. அதிகம் சிரித்தவன் அஜேஷ். "நான் அங்க நிக்கியேன்னு நெனச்சிட்டா எம்பிள்ள" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொன்னான். அதைச் சொல்வதில் அவனுக்குப் பெருமை.

3

அவன் போன பிறகு அந்தத் தவறு நின்றுவிட்டது. பிடித்த பந்தை அனகா விடுவதே இல்லை. மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். ஆசிய இளையோர் போட்டிக்குப் போகும் இந்திய அணியில் பெயர் வந்தது. "இப்பமாக்கும் சரியாச்சு" என்றார் தாரா டீச்சர். பிரசீதாவுக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் லோடு ஏற்றும் வரிசைக்கும் அனகா வருவதை விட்டுவிட்டாள். ஏனென்றால் எறிவதற்கு அவளுடைய இடப்பக்கத்தில்

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. அவள் மறுபடி எறிவாளா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.)

கிருஷ்ணன்குட்டியைப் பற்றி ஒரு சந்தேகம். கதையில் தடை சொல்ல ஆள் வேண்டுமே என்று, "சாவு விழுந்து ஆண்டு முடியாத வீட்டிலயிருந்து கடல் தாண்டப்பிடாது" என்று முதல் வரைவில் அவரைப் பேசவைத்தேன். அது பொய். நிஜத்தில் அவர் புதுப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து முற்றத்தில் வைத்தார்.

"ஏ குட்டி, ஜப்பான்காரியக் கண்டு பேடிச்சியானா திரும்பி இந்தப் பக்கம் வரப்பிடாது, பாத்துக்கோ!"

4

பாங்காக்கில் வெண்கலத்துக்கான ஆட்டம். எதிரே ஜப்பான்தான். கிருஷ்ணன்குட்டியின் கைப்பேசியை ரப்பர் ஷீட் காயும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு எல்லோரும் பார்த்தார்கள். கடைசி வாய்ப்பு. இந்தப் பந்து கோட்டைத் தாண்டினால் வெற்றி, இல்லையென்றால் இல்லை.

பந்து வந்தது. கை ஒரு சாண் பின்னுக்குப் போனது. பிடித்தாள், ஓடினாள். கோட்டுக்கு முன்னால் இரண்டு பேர் அவள் இடுப்பை நோக்கிக் கை நீட்டினார்கள். "விடாத! அணைச்சுப் பிடி!" என்று கிருஷ்ணன்குட்டி கத்தினார்.

அனகா திரும்பிப் பார்க்கவில்லை. இடப்பக்கம் எறிந்தாள்.

எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். பிரசீதா அந்தக் கைகளைப் பார்த்தாள். எறிந்து முடித்து, அடுத்த காய்க்குத் தயாராக விரிந்திருந்தன.

"எறிஞ்சிட்டா" என்றாள். பக்கத்தில் அஜேஷ் நிற்பதுபோல, "பாத்தியளா, எம்பிள்ள எறிஞ்சிட்டா."

5

முடிவு ஒன்று: இடப்பக்கம் வந்த தோழி பிடித்துக் கோட்டைத் தாண்டினாள். காரக்கோணம் சாயாக்கடையில் கிருஷ்ணன்குட்டி சொல்வது இது.

முடிவு இரண்டு: மறுபடியும் வெறும் புல்.

இவ்வளவையும் அனகா படித்தாள்.

"உள்ளத எழுதுங்கம்மா. ஜெயிச்சா ஜெயிச்சோம், தோத்தா தோத்தோம்."

"எழுத மாட்டேன்."

"படிக்கியவங்க திட்டுவாங்க."

"திட்டட்டும். பந்து அவங்க பக்கமாக்கும் வருது. பிடிக்கட்டும்."

அவள் சிரித்தாள். அப்பாவின் சிரிப்பு. வெளியே வண்டி வந்து நின்றது, விளைக்குப் போனோம். அஜேஷ் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். எனக்கு எறியும்போது அனகா திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் வரிசையில் தேங்காய் இன்றைக்கும் இடப்பக்கமாகத்தான் போகிறது.