ஒரு முனை மெலிந்த சீட்டுக்கட்டு

பாபின் டப்பாவுக்கு அடியில் அந்தச் சீட்டுக்கட்டு கிடந்தது. இனித் தனக்கு உதவாத தையல் மெஷினை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி மனைவி மூன்று மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். சரி என்று இழுப்பறையைக் காலி செய்ய அன்று காலை உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருஷத்தில் அவளுடைய பார்வை மெல்ல மெல்ல மங்கி, ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிற அளவில் வந்து நின்றுவிட்டது. அதைக்கூடப் பழகிக்கொண்டோம். யார் வந்தாலும் உள்ளறையில் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாளே, அதுதான் எனக்குப் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தங்கை தன் புது மருமகளை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"எனக்குத் தலைவலின்னு சொல்லிடுங்க."

"இன்னும் நாலு நாள் இருக்கே. தலைவலிக்கு இப்பவே நாள் குறிச்சுட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. "வந்தவங்க என்னப் பாக்குறாங்களா, என் கண்ணப் பாக்குறாங்களான்னே தெரியல. எதுக்கு அந்தக் கூத்து?"

அந்தக் கட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். பார்வைக்குச் சாதாரணக் கட்டுதான். ஆனால் ஒவ்வொரு சீட்டும் ஒரு முனையில் கொஞ்சம் அகலம், மறுமுனையில் கொஞ்சம் மெலிவு. வித்தியாசம் ஒரு மயிரிழைதான், கண்ணுக்குத் தெரியாது. எல்லா மெலிந்த முனையும் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கிக்கொள்ளவேண்டும். ஒருவரை ஒரு சீட்டு உருவச் சொல்லி, அவர் அதைப் பார்க்கும் நேரத்தில் கையிலிருக்கும் கட்டைச் சத்தமில்லாமல் முன்பின்னாகத் திருப்பிவிடவேண்டும். இப்போது அவர் சீட்டைச் செருகினால், ஐம்பத்தோரு மெலிந்த முனைகளுக்கு நடுவே அதன் அகன்ற முனை துளி துருத்திக்கொண்டு நிற்கும். எத்தனை முறை கலைத்தாலும், பக்கங்களை இரண்டு விரலால் வருடி இழுத்தால் அந்த ஒரு சீட்டு மட்டும் கையோடு வந்துவிடும்.

இதற்கு ஒரே ஒரு எமன் உண்டு. சீட்டை எடுத்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டும்போது அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டால், நாம் கட்டைத் திருப்பியது வீண். சீட்டு மற்றவற்றோடு ஒன்றாய்க் கலந்து தொலைந்துபோகும்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் அப்படித்தான் இவளிடம் தொலைத்தேன். நாற்பது மெஷின் ஓடும் துணித் தொழிற்கூடத்தில் நான் மெக்கானிக். இவள் நாலாவது வரிசையில் காலர் தைப்பவள். சாப்பாட்டு இடைவேளையில் நான் வித்தை காட்டுவது வழக்கம், அதுவரை ஒருமுறையும் தவறியதில்லை. இவள் சீட்டை எடுத்தாள், நெஞ்சோடு அணைத்துப் பார்த்தாள், பக்கத்துத் தோழியிடம் கொடுத்தாள், வாங்கிச் செருகினாள். நான் எடுத்த சீட்டு தப்பு. மூன்று முறை காட்டினேன், மூன்று முறையும் தப்பு.

"மெஷினையாவது ஒழுங்கா ரிப்பேர் பண்ணுவீங்களா?" என்றாள். நாற்பது பேரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் முழுக்க அவளுடைய மெஷினில் மட்டும் நூல் அறுந்துகொண்டே இருந்தது. நானும் போய்ப் போய்ச் சரிசெய்துகொண்டே இருந்தேன்.

கல்யாணமான பிறகும் அந்த ரகசியத்தை அவளிடம் சொல்லவில்லை. தொழில் தர்மம் என்று பெரிதாகப் பேசிக்கொண்டேன். அவளும் கேட்கவில்லை.

சீட்டுக்கட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவள் அதை மடியில் வைத்து, துணியின் ஓரம் பார்ப்பதுபோலப் பக்கங்களைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"இதுல மூணு சீட்டு தலைகீழா இருக்குங்க."

எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான். "எப்படித் தெரிஞ்சுது?"

"இருபத்தெட்டு வருஷம் காலர் தச்சவளுக்கு ஓரம் ஏறி இறங்கினா தெரியாதா? இந்த அற்பத்தையா இத்தன வருஷமா மூடி மூடி வச்சீங்க?"

மீதியை நான் சொன்னேன். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன் நான். அவள் என்னை முந்திக்கொண்டு ஓடினாள். "ஒண்ண மட்டும் ஏன் திருப்பணும்? சிவப்போட மெலிஞ்ச முனையெல்லாம் ஒரு பக்கம், கருப்போடது மறுபக்கம் வச்சா?" என்றாள். வைத்துக் கலைத்துக் கொடுத்தேன். இரு முனையையும் பிடித்து ஓர் இழுப்பு. இடது கையில் சிவப்பு முழுக்க, வலது கையில் கருப்பு முழுக்க. நாலு நாளும் வீட்டில் சீட்டுச் சத்தம்தான்.

"ஞாயித்துக்கிழமை அவங்களுக்குக் காட்டேன்."

"குருட்டுக் கிழவி வித்தை காட்டுறாளாம். போங்க அங்கிட்டு."

ஆனால் ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டபோது அவள் உள்ளறைக்குப் போகவில்லை. கூடத்து நாற்காலியில் மடியில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். தங்கை, மருமகள் இருவருமே முதலில் அவளுடைய கண்ணைத்தான் பார்த்தார்கள். அவள் சீட்டுகளை விசிறியாக விரித்தாள்.

"ஒண்ணு எடும்மா."

மருமகள் எடுத்தாள். என் மனைவியின் கையில் கட்டு திரும்பியதை நான் மட்டும் பார்த்தேன். சுத்தமான திருப்பல். அந்த நேரம் பார்த்துத் தங்கை, "எனக்குக் காட்டு" என்று சீட்டை வாங்கி, பார்த்துவிட்டு, மறுமுனையைப் பிடித்து நீட்டினாள். சீட்டும் திரும்பிவிட்டது. இது தப்பினால் இவள் இனி அந்த உள்ளறையை விட்டு வரமாட்டாள். இரண்டு முறை இருமினேன்.

"தண்ணி குடிங்க" என்றாள் மனைவி. பிறகு மருமகளிடம், "செருகும்மா. முழுசா வேணாம், ஒரு விரல் அளவு வெளிய நிக்கட்டும்" என்றாள்.

கட்டைவிரல் ஓரமாக ஒருமுறை இறங்கி, நின்றது.

"சரி, எடுத்து இன்னொரு தடவ பாத்துக்கோ. அப்புறம் மறந்துட்டேன்னு என் தலையில கட்டக்கூடாது."

மருமகள் எடுத்துப் பார்த்த இடைவெளியில், தங்கையின் பக்கம் திரும்பும் சாக்கில் கட்டும் திரும்பியது. சீட்டு உள்ளே போனது. மனைவி கட்டைக் கலைக்கத் தங்கையிடமே கொடுத்தாள். வாங்கினாள், வருடினாள், இழுத்தாள்.

"என்ன சீட்டுன்னு எனக்குத் தெரியாது. நீயே பாத்துச் சொல்லு, இதுதானே?"

மருமகள் வாயில் கைவைத்தாள். தங்கை முன்னால் குனிந்து, "அக்கா, உண்மையச் சொல்லு, உனக்குக் கண்ணு தெரியுதா தெரியலையா?" என்றாள்.

"உன் மூஞ்சி தெரியாத அளவுக்கு நல்லாத்தான் இருக்கு."

வெகுநேரம் சிரித்தார்கள். மூன்று பேரின் கண்ணும் அவளுடைய கையில்தான் இருந்தது.

சீட்டை ஒரு விரல் அளவு வெளியே நிறுத்தி, முனை மாறியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் யோசனை இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. சீட்டைத் திருப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அவசரமாகப் பிடுங்கத்தான் தெரியும். அவர்கள் போனபிறகு இன்னொன்றும் தோன்றியது. இந்த விரல்கள் நாலு நாளுக்கு முன் ஒரு காலைப் பொழுதில் கண்டுபிடித்ததை, இருபத்துமூன்று வயதில் கண்டுபிடித்திருக்காதா?

"அன்னைக்கு சாப்பாட்டு நேரத்துல... மூணு தடவையும் வேணும்னேதான் திருப்பினியா?"

சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் இருந்தது. அவள் அந்தப் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு சீட்டுகளை விரித்து என்னிடம் நீட்டினாள்.

"ஒண்ணு எடுங்க."

எடுத்தேன். ஆர்ட்டின் ஒன்பது. அதைச் சத்தமில்லாமல் ஒருமுறை திருப்பி, கட்டுக்குள் செருகி, ஒரு விரல் அளவு வெளியே நிறுத்தினேன். அவளுடைய கட்டைவிரல் ஓரத்தில் மெதுவாக இறங்க ஆரம்பித்தது.