கரடிப் பாட்டு

கிட்டாரை ஒரு பழைய வேட்டியில் சுற்றிக் கொல்லைக் கதவு வழியாக உள்ளே நுழைத்தபோது இருதயநாதன் மகளிடம் அகப்பட்டுக்கொண்டார்.

"என்னப்பா அது?"

"பார்த்தா தெரியலையா? கிட்டாரு. பேட்ரிசியாவோடது."

"இன்னைக்குப் பெரிய வெள்ளிப்பா!"

"காலண்டர் எனக்கும் பார்க்கத் தெரியும்."

லூர்துராணி தலையில் அடித்துக்கொண்டாள். நேற்றுப் பூசையோடு பொன்மலைக் கோயில் மணியே வாயை மூடிக்கொண்டுவிட்டது. மரப்பலகையைத் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். ஆர்மோனியத்துக்குப் பூட்டுப் போட்டாயிற்று. ஈஸ்டர் வரைக்கும் கிறிஸ்தவ வீட்டில் தகர டப்பாவில்கூட யாரும் தாளம் போடமாட்டார்கள். அதுவும் உள்ளே கட்டிலில் அம்மா மூச்சை எண்ணிக்கொண்டு கிடக்கிற வீட்டில்.

"அம்மா கேட்டா என்ன நினைக்கும்? நாப்பது நாளும் ஒருவேளைச் சோத்துல தவசு இருந்த பொம்பளை."

அதுதான் அவருக்கும் பயம். சாமியார் என்ன சொல்வார், தெரு என்ன சொல்லும் என்பதெல்லாம் அவருக்குக் கால்தூசு. மனைவி வியாகுலம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டால் என்ன செய்வது?

எல்லாம் ஒரு கரடியால் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டவுனில் இருவரும் படம் பார்க்கப் போனார்கள். பெரிய படத்துக்கு முன்னால் எட்டு நிமிஷம் ஒரு கார்ட்டூன் போட்டான். குண்டுக் கரடி ஒன்று தேனடைக்கு ஏணி வைத்து ஏறும், விழும், மறுபடி ஏறும். ஏறும்போதெல்லாம் ஒரு சின்னப் பாட்டு, மொத்தமே பதினோரு சுரம். வியாகுலம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. பெரிய படத்தின் கதை இருவருக்கும் மறந்துபோயிற்று. கரடிப் பாட்டு மட்டும் அரிசி களையும்போதும் துணி மடிக்கும்போதும் அவள் வாயில் வந்துகொண்டே இருந்தது.

இந்த வருஷம் தவசு தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள், "இதை யாராவது வாசிச்சுக் கேட்டா நல்லா இருக்கும்" என்றாள்.

"நான் வாசிக்கிறேன்" என்றார் அவர்.

அவள் அவர் கையைப் பார்த்தாள். பாய்லர் பட்டறையில் முப்பது வருஷம் ஆணி அறைந்த கை. "இந்தக் கையாலயா? கம்பி பாவங்க" என்றாள்.

ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே அடுத்த வீட்டு பேட்ரிசியாவிடம் போய் உட்கார்ந்தார். ரயில்வே கார்டின் மனைவி. "ரொம்ப ஈஸி மேஸ்திரி, சின்னப் பிள்ளைங்க ஒரு வாரத்துல கத்துக்கும்" என்றாள். அவர் நம்பவில்லை. ஈஸி என்று சொல்கிறவர்கள் எதையோ ஒளிக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. மூன்றாவது கம்பி, இரண்டாவது கட்டம். இரண்டாவது கம்பி, முதல் கட்டம். அவர் அழுத்தினால் இரண்டு கம்பி சேர்ந்து மாட்டிக்கொள்ளும். "மேஸ்திரி, அது பாய்லர் இல்லை" என்பாள்.

இரண்டே வாரத்தில் எட்டுச் சுரம் பிடிபட்டுவிட்டது. அன்றைக்கே வாசித்துக் காட்டியிருக்கலாம். ஆனால் தவசு காலத்தில் அவள் பாட்டுக் கேட்கமாட்டாள். அரைகுறை வேலையைப் பட்டறைக்கு வெளியே விடுகிற ஆளும் அவர் இல்லை. ஈஸ்டர் காலையில் முழுசாக வாசித்து அவள் வாயை அடைப்பது என்று நாள் குறித்துவிட்டார். முந்தாநாள் புதன்கிழமை அவள் அடுப்படியில் சுருண்டு விழுந்தாள்.

நேற்று சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் ஆயிற்று. இன்று காலை டாக்டர், "ராத்திரி தாண்டாது" என்றார். டாக்டர் பேச்சை இருதயநாதன் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை. அவள் விரல் நகத்தைப் பார்த்தார். நீலம் பாய்ந்திருந்தது. நம்பினார்.

வியாகுலம்மாளே மகளைக் கோயிலுக்கு விரட்டினாள். "போ. சிலுவை முத்தி செய்யறப்ப எனக்கும் சேர்த்து ஒரு முத்தம் குடுத்துட்டு வா." லூர்துராணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அப்பாவை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"முதுகுக்குப் பின்னால என்னங்க?"

"ஒண்ணுமில்லை."

"கிட்டாருதானே? கோழியைக் கழுத்துத் திருகற மாதிரி நாப்பது நாளா சத்தம். சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே நான் இருக்கேன்."

"தெரியுமா உனக்கு?"

"தெரியாம?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னைக்குப் பெரிய வெள்ளி. வாசிக்கலாமான்னு நீதான் சொல்லணும். வேண்டாம்னா கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

அவள் இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு கண்ணைச் சுவர்க்கடிகாரத்துக்கு ஓட்டினாள்.

"ஆண்டவர் மூணு மணிக்குத்தானே உயிரை விட்டாரு? இப்ப ரெண்டேகால். வாசிங்க."

வாசித்தார். ஒன்பதாவது சுரத்தில் விரல் வழுக்கிக் கம்பி கரகரத்தது.

"கரடி விழுந்துடுச்சு" என்றாள் வியாகுலம்மாள்.

"இரு, இரு."

மறுபடி ஏறினார். மறுபடி ஒன்பதாவதில் விழுந்தது. மூன்றாம் தரம் ஏழிலேயே விழுந்தது. அவர் கம்பியை வாய்க்கு வந்தபடி திட்டினார். "பெரிய வெள்ளியும் அதுவுமா" என்று அவள் அதட்டினாள். ஐந்தாம் தரம் பதினோரு சுரமும் ஒன்றன்பின் ஒன்றாக, கோணல்மாணலாக, ஆனால் ஒன்றுகூட விடாமல் வந்து சேர்ந்தன.

"ஏறிடுச்சுங்க" என்றாள். சத்தமில்லை, தோள் மட்டும் குலுங்கியது. கையை நீட்டி அவர் முழங்காலின்மேல் வைத்தாள். "இன்னொரு தரம்."

வாசித்தார். அவள் விரல் முழங்காலில் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு தரம். இன்னொரு தரம். பிறகு அவள் கேட்காமலே வாசித்தார். பன்னிரண்டாம் தரம், பாட்டின் நடுவில், விரல் நின்றது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சச் சுரங்களை வாசித்து முடித்தார்.

கோயிலில் மரப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கினார். எழுந்தால் அவள் கையை எடுக்கவேண்டியிருக்கும். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வெகுநேரம் கழித்து லூர்துராணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"அம்மா தூங்குதாப்பா?"

"இல்லை."

அவள் வாசற்படியிலேயே நின்றாள். முக்காடு தோளில் சரிந்தது. "எப்ப?"

"மூணுக்கு முன்னாடியே."

"கேட்டுச்சா?"

"பன்னெண்டு தரம்."

அவள் வந்து அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அவர் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். விரல்நுனிகளில் கம்பி பதிந்த கோடுகள் சிவந்து எரிந்தன. ஒவ்வொன்றாக வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டார்.