காலி டப்பா

என் லேப்டாப்பை ஆன் செய்துவிட்டுப் போய்க் குளித்து, துணி காயப்போட்டு வந்து உட்கார்ந்தாலும் அது கண் விழித்திருக்காது. அப்படியொரு சோம்பேறி. ஆனாலும் எட்டு வருடமாக எனக்கென்று ஒரு வேலை இருப்பது அதை வைத்துத்தான். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்வேன். வாயில் எதையோ மென்றுகொண்டே முணுமுணுத்தாலும் என் காதுக்குத் தப்பாது.

கம்பெனி புது மென்பொருளுக்கு மாறுகிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை. யாருடைய மெஷின் இழுக்கிறதோ அவருக்கு வேலை கிடையாது.

வீட்டில் இதைச் சொன்னதும் என் கொழுந்தனாருக்கு வாயெல்லாம் பல். "நல்லதாப் போச்சு அண்ணி. நம்ம கடையில வந்து சும்மா உக்காந்தாப் போதும்."

அவர் போன் உறை விற்கும் கடை வைத்திருக்கிறார். அதனால் எங்கள் குடும்பத்தில் அவர்தான் விஞ்ஞானி. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை சும்மா உட்கார வேண்டுமாம்! என் வீட்டுக்காரரும், "அவனும் எவ்வளவு நாளாக் கேக்கறான்? இந்த வயசுல உனக்கு எதுக்கு டென்ஷன்?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என்னை யாரென்று நினைத்தார்கள்? உட்கார்ந்து படித்தேன். மெஷினில் கோளாறு இல்லை. உள்ளே இருக்கும் பழைய ஹார்டு டிஸ்க்தான் கிழடு. அதற்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்கிற புது வகை டிஸ்க்கை மாட்டினால் போதும். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு ஒன்றுமே கிடையாது, அதுதான் வேகம். வாங்கி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கேபிளில் அதை இணைத்து, பழையதில் இருந்த அத்தனையையும் புதியதில் நகல் எடுத்தேன். மூன்று மணி நேரம் ஆனது. பிறகு சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டேன். கழற்றுகிற ஸ்க்ரூ எதுவும் இடம் மாறக் கூடாதென்று, காகிதத்தில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் டேப்பால் ஒட்டினேன். ஓட்டை பதினொன்று, ஸ்க்ரூ ஒன்பது. போன வருடம் இதை 'சர்வீஸ்' செய்தவர் விஞ்ஞானி.

அவரும் வந்து சேர்ந்தார். புது எஸ்எஸ்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார். "என்ன அண்ணி, வெயிட்டே இல்ல? சாமான்னா கனமா இருக்க வேணாமா? நல்லா ஏமாத்திட்டாங்க உங்கள."

"அது அப்படித்தான் இருக்கும். கீழ வைங்க தம்பி."

பழையதைக் கழற்றி வைத்த நேரம் பார்த்து, நாளைய சோதனையைப் பற்றிச் சொல்லக் கம்பெனி மேற்பார்வையாளர் அழைத்தார். பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் என் லேப்டாப் மூடி, ஸ்க்ரூ முடுக்கி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மேசை பளபளவென்று துடைத்திருந்தது.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே மாட்டிட்டேன்" என்றார் கொழுந்தனார்.

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு ஆன் செய்தேன். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஐந்து. திரையில் அதே வட்டம் அதே இடத்தில் சுற்றியது.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் என் வீட்டுக்காரர்.

"விடுண்ணே, அண்ணி ஆசைப்பட்டாங்க, பண்ணிப் பாத்தாங்க. நாளைக்கே கடைக்கு வந்துடுங்க அண்ணி. சாவி..."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர்கள் முன்னால் அழக் கூடாதென்று குனிந்தபோதுதான் அது காதில் விழுந்தது.

"ஷ்! ரெண்டு பேரும் வாய மூடுங்க."

கல்யாணமான இருபது வருடத்தில் நான் அப்படிச் சொன்னதில்லை. இருவரும் மூடிக்கொண்டார்கள். விசைப்பலகையில் காதை வைத்தேன். கர்ர்ர்... டிக். கர்ர்ர்... டிக். எட்டு வருடமாகக் கேட்ட சத்தம்.

"தம்பி, உள்ள எதை மாட்டினீங்க?"

"இதென்ன கேள்வி? கனமா இருந்ததத்தான். இன்னொன்னு காலி டப்பா. அட்டைப்பெட்டியோட சேத்துக் குப்பையில போட்டுட்டேன்."

அடப்பாவி மனுஷா! அடுப்படிக்கு ஓடிக் குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்தேன். வெங்காயத் தோலுக்கு நடுவே கிடந்தது என் எஸ்எஸ்டி. புடவைத் தலைப்பால் துடைத்தேன். நல்லவேளை, ஈரம் படவில்லை.

"அண்ணி, குடுங்க, நானே..."

"உங்க கை பட்டுது, அப்புறம் பாருங்க!"

அவர் இரண்டடி பின்னால் போனார். லேப்டாப்பை அணைத்து, ஒன்பது ஸ்க்ரூவையும் மறுபடி கழற்றினேன். கிழட்டை உருவினேன், புதியதைச் சொருகினேன், மூடினேன், முடுக்கினேன். பொத்தானை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

சத்தமே இல்லை. பதினெட்டாவது விநாடியில் என் திரை என் முன்னால் நின்றது. கம்பெனி அனுப்பியிருந்த புது மென்பொருளைத் திறந்தேன். தொட்டதும் திறந்தது. என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

கொழுந்தனார்தான் மெல்ல ஆரம்பித்தார். "அப்போ... கடையில யாரு அண்ணி உக்காருவா?"

"'ஆள் தேவை'ன்னு வாசல்ல ஒட்டுங்க தம்பி" என்றேன். "கொஞ்சம் நில்லுங்க, இப்பவே நானே டைப் பண்ணித் தந்துடறேன்."