மாரித்தாயின் படத்துக்குக் கீழே

சீனிவாசகத்துக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். வினை வந்ததே அதனால்தான். சிவகாசியில் ஸ்டுடியோ வைத்திருந்த மற்றவர்கள் காதுகுத்து, கல்யாணம், பாஸ்போர்ட் சைஸ் என்று நிம்மதியாகப் பிழைத்தார்கள். இவன் மட்டும் 2007-ல் டிஜிட்டல் கேமரா வாங்கி, ஜெபிஷாவின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தன் பெயரில் ஒரு வெப்சைட் தொடங்கினான். எடுத்த படங்களை அதில் போட்டு வைத்தால் உலகத்தில் யாராவது பார்த்து வாங்குவார்களாம். ஆனைக்குட்டம் அணை, விருதுநகர் மிளகாய் வத்தல் மூட்டைகள் என்று போட்டுத் தள்ளினான். ஒரு வருஷம் ஈ, காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

பிறகுதான் எதிர்வீட்டு மாரித்தாயைப் படம் எடுத்தான். நாரணாபுரத்தில் ஒரு வெடி கம்பெனியில் அவளுக்கு வேலை. இரும்பு உரசினால் பொறி வரும் என்று அங்கே ஒரு துண்டு உலோகம் உள்ளே போகக்கூடாது. அதனால் பெண்கள் வளையல், கொலுசு, கொண்டை ஊசி, தாலிச் செயின் எல்லாவற்றையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, வெறும் மஞ்சள் கயிற்றை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போவார்கள். இது ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். வேலை முடிந்து வாசலுக்கு வந்தவளை அப்படியே எடுத்தான். வெறுங்கழுத்து, வெறுங்கை, வெள்ளிப் பவுடர் படிந்து பொட்டு மறைந்த முகம். படம் அபாரமாக வந்திருந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

மறுவாரமே வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றிலிருந்து மெயில் வந்தது. இவள் விதவையா, கணவன் வெடி விபத்தில் இறந்தவனா என்று கேட்டிருந்தார்கள். அப்படியானால் வாங்குவார்கள் என்பது சொல்லாமலே புரிந்தது. சீனிவாசகம் ஆமாம் என்று எழுதினான். படம் விலை போனது. வெப்சைட்டிலும் படத்துக்குக் கீழே அதையே எழுதினான். கண்காணாத சீமையில் இருப்பவர்கள் படித்துவிட்டுப் போகட்டும், இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்தான். எந்த நாட்டுக்காரன் காலண்டர் போட நினைத்தாலும் மலிவாக அச்சடிக்க எங்கே வருவான் என்பது ஒரு சிவகாசிக்காரனுக்கே மறந்து போனதை என்னவென்று சொல்வது!

மாரித்தாயின் புருஷன் சங்கிலிமுத்துவுக்கு ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. ஒருநாள் மத்தியானம் காலண்டர் தாள் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடி வந்தான். முகமெல்லாம் பல்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க! எங்க கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்திருக்கு. மார்ச் மாசத்துல யாரு நிக்கான்னு பாருங்க. எம் பொண்டாட்டி! நீங்க எடுத்த போட்டாதான?"

"ஆமாப்பா."

"கீழ இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கே, என்னது அது?"

அது சீனிவாசகம் எழுதிய வாக்கியமேதான். இறந்து போனவன் எதிரே நின்று பதிலுக்குக் காத்திருந்தான்.

"உழைக்கும் பெண்ணுன்னு போட்டிருக்கான்."

"அம்புட்டு எழுத்துக்கும் அதான் அர்த்தமா?"

"இங்கிலீஷ்ல இழுத்து இழுத்துத்தான் எழுதுவான்."

சங்கிலிமுத்து நம்பினான். அன்று ராத்திரி சீனிவாசகம் சாப்பிட உட்கார்ந்தான். எதிர்வீட்டில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டபோது எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். மாரித்தாய் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, தாலிச் செயினை வெளியே எடுத்து விட்டிருந்தாள்.

"அண்ணே, கழுத்தும் கையும் மூளியா இருக்கையில எடுத்துட்டீக. சீமையில பாக்குற சனம் தாலியறுத்தவன்னுல்லா நெனைக்கும்? எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒண்ணு எடுத்து, கம்ப்யூட்டர்ல அது பக்கத்துலயே போடுங்க. இதுதான் எம் புருசன்னு எழுதுங்க."

சீனிவாசகம் கேமராவில் கண்ணை வைத்தான். சங்கிலிமுத்து காலரை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அதற்குமேல் இவனால் முடியவில்லை. கேமராவை இறக்கி வைத்துவிட்டு, மெயில் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான்.

சங்கிலிமுத்து சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அண்ணாச்சி, நானே ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்கேனே" என்றான்.

மாரித்தாய் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்திருந்தால் சீனிவாசகத்துக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை.

"எடுங்க" என்றாள். "எடுத்து, இவரு உசுரோட இருக்காரு, நாந்தான் பொய் எழுதினேன்னு போடுங்க. இப்பவே போடுங்க. நாங்களும் கூட வாரோம்."

ஜெபிஷா ஆராதனை முடிந்து வந்து அப்போதுதான் சென்டரைத் திறந்திருந்தாள். அதற்குள் காலேஜ் பையன்கள் நாலைந்து பேர் உட்கார்ந்துவிட்டார்கள். சீனிவாசகம் பழைய வாக்கியத்தை அழித்தான். பக்கத்தில் புதுப் படத்தை ஏற்றி, அவள் சொன்னபடியே கீழே எழுதித் தன் பெயரையும் போட்டான். இதைப் படிப்பவன் எவனும் இனித் தன்னிடம் படம் வாங்கமாட்டான் என்று தெரிந்துதான் எழுதினான்.

"என்ன போட்டிருக்கீக?" என்று கேட்டாள் மாரித்தாய்.

தமிழில் வாசித்துச் சொன்னான். அவள் திரையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜெபிஷாவைக் கூப்பிட்டாள்.

"ஏத்தா, நீ வந்து படிச்சுச் சொல்லு. இவரு முந்தியும் இப்படித்தான் படிச்சுச் சொன்னாரு."

ஜெபிஷா எழுந்து வந்து, சீனிவாசகத்தின் தோளுக்குமேல் குனிந்து, சத்தமாகவே படித்தாள். பையன்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவர் மாரித்தாயின் கணவர் சங்கிலிமுத்து. உயிரோடு இருக்கிறார். இறந்துவிட்டார் என்று நான் எழுதியது பொய்."

"பேரு?"

"அண்ணன் பேருதான் போட்டிருக்குக்கா" என்றாள் ஜெபிஷா.