ஏழு அடித் தெருவின் தடித்த எழுத்து

எங்கள் தெரு இருபத்திரண்டு அடியிலிருந்து ஏழு அடியாகச் சுருங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. சுருக்கிய புண்ணியவான் நான். தெருவுக்குப் புதுப் பெயர்ப் பலகை கேட்டிருந்தார்கள். பெயர் நீளம், பலகை குட்டை. கணினித் திரையில் எழுத்துகளின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளி, அச்சடித்து, தெருமுனையில் மாட்டினேன். ஏணியிலிருந்து இறங்குவதற்குள் எதிர்வரிசை வீடுகள் சத்தமில்லாமல் நெருங்கி வந்து நின்றுவிட்டன. யாருக்கும் அடியில்லை.

அந்த எழுத்துரு எதிர்வீட்டுக்காரி வரைந்தது. நான்கு வருட உழைப்பு. தடியான, ஒடுக்கமான எழுத்து. நெரிசல் பேருந்தில் தோளோடு தோள் இடித்து நிற்பவர்களைப் போல நிற்கும், ஒருவருக்கும் மூச்சு முட்டாது. ஒவ்வொரு சுழிக்குள்ளும் அரிசிமணியளவு வெள்ளை விட்டிருந்தாள். அந்த அரிசிமணிகளுக்கே ஒரு மழைக்காலம் போயிற்று. அதில் அடித்த சுவரொட்டியை நான்கு தெரு தள்ளி வருகிறவனும் படிப்பான், வேண்டாமென்றாலும் படிப்பான். அச்சடிக்கும் எனக்கு அவள் போட்ட நிபந்தனை ஒன்றே: “இழுக்காதீங்க, நசுக்காதீங்க.” நான் அவளிடம் கேட்டதும் ஒன்றே, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று. மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் “பார்க்கலாம்.”

நசுக்கிய எழுத்தில் நிற்கும் கோடுகள் மெலியும், படுத்த கோடுகள் அப்படியே கிடக்கும். தெருவும் அதன்படியே நடந்தது: கூரைகள் பழைய கனத்தில், சுவர்கள் அட்டை மாதிரி. மூன்றாம் வீட்டுப் பெரியவர் இருமினால் என் மேசையில் தண்ணீர் ததும்பும். மற்றபடி சௌகரியம்தான். துணிக்கொடியை ஜன்னலுக்கு ஜன்னல் கட்டினார்கள். சர்க்கரைக் கடன் படி இறங்காமலே கைமாறியது. நான்காம் முறையாக ஜன்னல் வழியே கேட்டபோது பதினொரு வீடுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டன. “பார்க்கலாம்,” என்றாள். பதினொரு வீடுகளும் பெருமூச்சு விட்டன.

இரண்டாம் வருடம் நகராட்சிப் பொறியாளர் வந்தார். ஒரு விரலால் சுவரைத் தட்டிவிட்டு, அடுத்த மழைக்கு இது நிற்காது என்றார். வழி எனக்குத் தெரியும்: நசுக்காத பலகையை மாட்டினால் சுவர் தடிக்கும். ஆனால் தெருவும் அகலும்; கை நீட்டினால் எட்டுகிற அவள் ஜன்னல் பழைய தூரத்துக்கே போய்விடும்.

“பழையபடி அடிச்சிடவா?” என்று அவளிடமே கேட்டேன்.

ஜன்னலைச் சாத்தினாள். நான்கு மாதம் திறக்கவில்லை. மழைக்கு ஒரு வாரம் முன்பு ஒரு தாளை நீட்டினாள். நான் நசுக்கிய அதே அகலம். ஆனால் நிற்கும் கோடு ஒவ்வொன்றும் தூண். அரிசிமணிகள் எள்ளாகியிருந்தன, ஒன்றுகூட அடைபடவில்லை. அப்படியொரு அழகை நான் அச்சடித்ததே இல்லை.

“நீங்க பண்ணின அசிங்கத்தைத் தினமும் பார்த்து வயிறெரிஞ்சு போச்சு. அதே அகலத்துக்கு முறையா வரைஞ்சிருக்கேன். போய் மாட்டுங்க.”

மாட்டினேன். தெரு ஏழு அடியிலேயே நின்றது. சுவர்கள் ஒரு முழம் தடித்தன. பெரியவரின் இருமல் அவர் வீட்டோடு நின்றது. திரும்பி வந்தபோது அவள் ஜன்னலில் இருந்தாள்.

“இனிமே யாருக்கும் கேட்காதுல்ல?”

“கேட்காது.”

“சம்மதம், அச்சுக்காரரே. கட்டிக்கலாம்.”