தடிமன் உள்ள ஒரே ஆள்

நிஷாந்தியின் ஆய்வில் தொண்ணூறு பேர் இருந்தார்கள். எல்லோரும் ஒரே தோட்டத்தில் வேலை செய்பவர்கள். அவர்களுடைய மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்ததை ஆய்வுகூடத்தில் இரத்தம் கலந்த தட்டுகளில் வளர்த்தாள். முப்பத்தெட்டுத் தட்டுகளில் நிமோனியாக் கிருமி பச்சை வளையங்களாகப் படர்ந்தது. ஆளில்லாத தீவுகளை மேலிருந்து பார்ப்பதுபோல அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த முப்பத்தெட்டுப் பேரில் ஒருவருக்குக்கூடத் தடிமன் இல்லை. அன்று ஒவ்வொருவரையும் கேட்டு அவள் நிரப்பிய படிவம் அப்படித்தான் சொன்னது. மழைக்காலத்தில், இத்தனை பேரின் மூக்கில் கிருமி குடியிருந்தும் ஒருவரும் தும்மவில்லையென்றால் அது பெரிய செய்தி. பேராசிரியர் வெள்ளிக்கிழமை கட்டுரையைச் சஞ்சிகைக்கு அனுப்பவிருந்தார். அது வெளிவந்தால்தான் அவளுடைய ஆராய்ச்சி அடுத்த வருடமும் தொடரும்.

ஒன்றுதான் இடித்தது. ஒரே ஓர் ஆள் ‘தடிமன் உண்டு’ என்றிருந்தார். அவருடைய தட்டில் எதுவும் முளைக்கவில்லை. கிருமி இருப்பவர்களுக்குத் தடிமன் இல்லை, தடிமன் இருப்பவருக்குக் கிருமி இல்லை. தலைகீழாக மாட்டிய படம்போல இருந்தது அது. புதன்கிழமை காலை தோட்டத்துக்குப் போகும் பல்லேபொல பஸ்ஸில் ஏறினாள்.

அந்த ஆள் சிவசாமி, மிளகு ஸ்டோரில் காவல்காரர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்த பிறகு அந்த பெஞ்சில் வேறு யாருக்கும் இடமிருக்கவில்லை.

“வாங்க டாக்டரம்மா. எனக்கு ஏதும் நோயிங்களா?”

“நோய் இல்லங்க. அன்னிக்கு உங்களுக்கு தடிமன் இருக்குன்னு சொன்னீங்களே, எத்தன நாளா இருந்திச்சி?”

சிவசாமி யோசித்தார். “கல்யாணத்துக்கு அப்பறந்தான்.”

“அவ்வளவு வருஷமாவா?”

“கொறைக்கணும்னு பாக்குறேன், முடியலங்க.”

உள்ளேயிருந்து அவருடைய மனைவி அழகாயி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். “என்னையுந்தான் கேட்டாங்க, தடிமன் உண்டான்னு. மூணு வேளையும் ரொட்டி திங்கிறவ, ஈர்க்குச்சி மாதிரி நிக்கிறேன். அதான் இல்லன்னு சொன்னேன்.”

நிஷாந்தி அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்தில் ஏழு வருடம் படித்தாள். அங்கே மூக்கு ஒழுகினால் தடிமன். அந்தச் சொல் எப்போது தன் வாய்க்குள் வந்து குடியேறியது என்று தெரியவில்லை. மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்தவளுக்கு, வீட்டில் அம்மா அதை என்ன சொல்வாள் என்று ஒரு கணம் நினைவுக்கு வரவில்லை. படிவத்தில் எழுதியபடியே, ஒரு சொல் மாறாமல் வாசிக்க வேண்டும் என்பது விதி. அவளும் மாற்றாமல் தொண்ணூறு தடவை வாசித்தாள். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தபோது வெட்கம் என்று நினைத்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தபோது மிளகுத் தூசி என்று நினைத்தாள்.

“அழகாயி அக்கா, அன்னிக்கு உங்களுக்கு சளி இருந்திச்சா?”

“ஒழுகிக்கிட்டே இருந்திச்சி. அத நீங்க கேக்கவே இல்லயே.”

“மத்தவங்களுக்கு?”

“சில பேருக்கு இருந்திச்சி. மூணு மாசம் ஆச்சும்மா. யாரு மூக்கு எப்ப ஒழுகுச்சின்னு யாரு எழுதி வச்சா?”

அதை எழுதிவைக்க வேண்டியவள் நிஷாந்திதான். அழகாயியின் தட்டிலும் பச்சை வளையம் படர்ந்திருந்தது. அப்படியானால் அந்த முப்பத்தெட்டுப் பேர் நோயாளிகளா? ஒருவேளை பாதிப் பேருக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லாமலும் இருந்திருக்கலாம். கண்டுபிடிப்பு பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அந்த நாளுக்குத் திரும்பிப் போய்க் கேட்க ஒரு வழியும் இல்லை.

கட்டுரையை அனுப்ப வேண்டாம் என்று பேராசிரியருக்குச் செய்தி போட்டாள். உடனே பதில் வந்தது. “ஏன்? முடிவு பிழையா?”

‘பிழை’ என்று தட்டினாள், அழித்தாள். ‘சரியாகவும் இருக்கலாம்’ என்று தட்டி அதையும் அழித்தாள்.

“அப்போ எனக்கு ஒண்ணும் இல்லதானே?” என்றார் சிவசாமி.

“உங்களுக்கு இல்லங்க.”

“எனக்கு?” என்றாள் அழகாயி.

நிஷாந்தி கைப்பேசியைப் பார்த்தாள். “தெரியலக்கா,” என்றாள். பிறகு அதையே பேராசிரியருக்கும் எழுதினாள்: “தெரியவில்லை சேர். திரும்பவும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.”