பட்டுக்கு ஒரு ஹீட்டர்

சுடர்விழிக்குப் பிறந்த வீடு வீராம்பட்டினம். அம்மா தையல்நாயகி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். மீன் என்றால் ஐஸ் பெட்டி என்று பார்த்து வளர்ந்தவளைப் போய், மீனுக்குத் தண்ணீர் சுடவைக்க ஹீட்டர் வாங்கி வா என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

சொன்னவன் அவள் புருஷன் செம்மல். சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. முத்தியால்பேட்டை வீட்டின் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்ன் மீன் ஒன்றை வளர்க்கிறான். பேர் பட்டு. கல்யாணமான புதிதில் அவளைத்தான் பட்டு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எப்படியோ அந்தப் பேர் தொட்டிக்குள் போய்விட்டது. வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்காருவான். சூப்பர்வைசர் திட்டியது, கேண்டீன் சாம்பார் ஊசிப்போனது என்று சகலத்தையும் மீனிடம் சொல்லுவான். அடுப்படியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் வீட்டுக்காரன் சமாசாரம் அவளுக்குத் தெரியவரும். போயும் போயும் ஒரு மீனைப் பார்த்தா வயிறு எரிவது என்று அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காக எரிச்சல் அடங்கிவிடவில்லை.

கார்த்திகை மழை விடாமல் பிடித்துக்கொண்டதில் பட்டு தீனி தின்னாமல் மூலையில் ஒதுங்கியது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"தண்ணி ஜில்லுனு இருந்தா அதுக்கு ஆவாது சுடரு. எனக்கு ஓவர்டைம் இருக்குது, நீயே போய் ஹீட்டர் வாங்கியாந்துடு. தெர்மோஸ்டாட் இருக்கணும். சூடு ஏறினா தானா நிக்கணும், எறங்கினா தானா எரியணும். கண்ணாடி தடிப்பா இருக்குதான்னு பாரு. வாரண்டி கேளு" என்றான் செம்மல்.

மிக்ஸி வாங்கப் போன அன்றைக்கு, "எதனா ஒண்ண எடு, நேரமாவுது" என்று கடை வாசலிலேயே நின்றவன் இவன்தான்.

மீன் தொட்டிக் கடைக்காரர் பக்கிரி இரண்டு ஹீட்டர்களை எடுத்து வைத்தார். "பெருசு தெர்மோஸ்டாட் உள்ளது, நம்பி வைக்கலாம். சின்னது உங்களுக்கு வேணாம்மா. அது தானா நிக்காது. நாமதான் பக்கத்துல இருந்து அணைக்கணும். மறந்துட்டா தண்ணி சுட்டுடும்."

"அப்ப மீனு?"

"மீனு எங்க இருக்கும்? கொழம்புதான்."

சுடர்விழி யோசிக்கவே இல்லை. சின்னதைக் காட்டி, "இதையே குடுங்க" என்றாள். ஸ்கூட்டியில் திரும்பும்போது கொஞ்சம் பயமாக இருந்தது உண்மைதான். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்ததும் உண்மைதான்.

செம்மல் வந்து பெட்டியைப் பிரித்தான். திட்டப்போகிறான் என்று காத்திருந்தாள். அவனோ, "பாவம், உனக்கு என்னா தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஃபோனை எடுத்து இரண்டு நாள் லீவு சொன்னான். தொட்டியோரம் நாற்காலி போட்டான். தெர்மாமீட்டரைப் பார்ப்பதும் சுவிட்சைப் போடுவதும் அணைப்பதுமாக மறுநாள் முழுக்க அங்கேயே கிடந்தான். சாப்பாட்டுத் தட்டும் அங்கேதான் போயிற்று. மீனை வேகவைக்கப் போனவள், மீனுக்கு முழுநேரப் புருஷனையே பிடித்துக் கொடுத்துவிட்டாள்! போன ஆடியில் அவள் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அரை நாள் லீவுக்கு சூப்பர்வைசர் ஒத்துக்க மாட்டான் என்றானே, அதே சூப்பர்வைசர் இப்போது மட்டும் எப்படி ஒத்துக்கொண்டான்? நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

அடுத்த நாள் கடை திறந்ததும் பக்கிரி முன்னால் போய் நின்றாள். பெரிய ஹீட்டரை எடுக்கச் சொன்னாள். தானா நிக்குமா, தானா எரியுமா, கண்ணாடி வெடிக்காதே, வாரண்டி உண்டா என்று குடைந்து எடுத்தாள்.

"மீனு மேல அவ்ளோ பாசமாம்மா?" என்றார் பக்கிரி.

"பாசமா? அந்தச் சனியனுக்கு ஆள் காவல் வேணாம், அதுக்குத்தான்."

புது ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் பதமானதும் தானாக அணைந்தது. செம்மல் பெருமூச்சு விட்டான். "இனிமே பட்டு பொழச்சிக்கும். உனக்கும் அது மேல எவ்ளோ பாசம் சுடரு!"

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. "பாசமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. மொத ஹீட்டரத் தெரிஞ்சேதான் வாங்கினேன். கடைக்காரரு வேணாம்னு சொல்லியும் வாங்கினேன். அது வெந்து சாவட்டும்னுதான் வாங்கினேன்."

செம்மல் திகைத்துப்போனான். "வாயில்லாத ஜீவன். அது மேல உனக்கு என்னா கோவம்?"

"கோவம் இல்ல, பொறாம. அதுகிட்ட பேசுறதுல பாதி என்கிட்ட பேசியிருக்கீங்களா?"

சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"என்னா பேசறது சுடரு?" என்றான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தொட்டி முன்னால் ஓயாமல் பேசுகிறவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"நீ சாப்டியான்னு கேளுங்க. அங்கேருந்து ஆரம்பிங்க."

"நீ சாப்டியா?"

"இல்ல" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.